ஒன்றரை நிமிஷம்

பனையேந்தலிலிருந்து உப்பளத்துக்கு ஆள் ஏற்றும் வேன் கருக்கலில் வந்து கண்மாய்க்கரையில் ஆரன் அடிக்கும். பதினான்கு பெண்கள் ஏறுவார்கள். வாலிநோக்கம் போய் இறங்கியதும் பழைய சாக்ஸை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்காவிட்டால் கண்ணைத் திறக்க முடியாது. இராமலட்சுமிக்கு இது இருபத்தாறாவது வருஷம். பாத்தியில் வாரிய உப்பை வரப்போரம் ஒதுக்கி, நீர் வடிந்ததும் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு போய் அம்பாரத்தில் கொட்டுவாள். கூடையிலிருந்து வடிகிற நீர் கழுத்தோடு இறங்கி முதுகில் காய்ந்து தோலை இழுக்கும். பதினொரு மணிக்கு வேன் திரும்பிவிடும்.

பங்குனியில் ஒருநாள் கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனி, கல்லுப்பைத் துணிப்பையில் போட்டு ஆன்லைனில் விற்கிறதாம். உப்பு வாருகிற பெண்களின் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் போடுகிறார்களாம். வந்த பெண்ணின் பெயர் சத்யப்பிரியா. இருபத்தைந்து வயதிருக்கும். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றியிருந்தாள். டீ குடிக்கிற நேரத்தில் கீற்றுக் கொட்டகையில் இராமலட்சுமிக்குப் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

“அக்கா, உப்பு வாரும்போது கண்ணு கூசாதா?”

“கூசத்தான் செய்யும். வீட்டுக்குப் போயி உக்காந்தாலும் வெள்ளை வெள்ளையாத்தான் தெரியும். வட்டில்ல சோத்தப் பாத்தாக்கூட உப்பாத் தெரியும்.”

அந்தப் பெண் சிரித்தாள். கால் வெடிப்பைக் காட்டச் சொன்னாள். காட்டினாள். பிறகு நெற்றியைப் பார்த்துவிட்டு, “இது என்னக்கா தழும்பு? இங்க விழுந்தீங்களா?” என்றாள்.

“இல்லத்தா. அது வீட்டுல.”

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். “வீட்டுல எப்படி?” என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். இராமலட்சுமியிடம் அதை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் கேட்கவேயில்லை. அவள் சொல்ல ஆரம்பித்தாள். மலையாண்டி குடித்துவிட்டு வந்து எவர்சில்வர் குடத்தால் அடித்தது. கொதிக்கிற உலையைக் காலால் எத்தி முற்றத்தில் தள்ளியது. காதுத் தோட்டைக் கழற்றிக் கொண்டுபோனது. வேன் ஏறப் போனவளை முடியைப் பிடித்துத் தெருவழியாக இழுத்து வந்தது. மகள் பத்தாவது பரீட்சைக்கு முதல் நாள் கட்டிலுக்கு அடியில் புத்தகத்தோடு படுத்துக்கிடந்தது. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. நடுவில் பார்த்தால் அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்து நீர் வடிகிறது. உப்புக் காய்ந்த அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது அந்தப் பிள்ளை.

“இப்ப எப்படிக்கா?”

அந்தக் கேள்வி தெளிவாகத்தான் காதில் விழுந்தது. மலையாண்டி குடியை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. மகள் ஜெயசுதா கல்யாணத்துக்கு மறுநாள் விட்டான். ஏன் என்று அவனும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஆட்டோ ஓட்டுகிறான். காலையில் ஆறு பிள்ளைகளைச் சாயல்குடிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்து, குழாயில் தண்ணீர் வருகிற நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீர் பிடித்து வருவான். பனையேந்தலில் தண்ணீர் வண்டி தள்ளுகிற ஒரே ஆம்பளை அவன்தான். இந்நேரம் அவள் வருவதற்குள் உலை வைத்து, நெத்திலியை ஆய்ந்து குழம்பு கூட்டிக்கொண்டிருப்பான். இதெல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது.

ஆனால் அந்தக் கை அவள் கையைப் பிடித்திருந்தது.

“இப்ப என்னத்தா, காலம் ஓடுது” என்றாள்.

மேஸ்திரி விசில் ஊதினான். அந்தப் பெண் ஒரு துண்டும், துணிப்பையில் ஒரு கிலோ உப்பும், தன் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனாள். அவர்கள் வாரிய உப்புதான்.

சித்திரை பிறந்து பத்து நாளில் ஜெயசுதா போன் செய்தாள். அவளை ஆர்.எஸ்.மங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தது.

“அம்மா, நீ என்ன பேசி வச்சிருக்க?”

“என்னடி?”

“அந்த உப்புக் கம்பெனி வீடியோ. எங்க மாமியா போன்லயே வந்துருச்சு. லட்சக்கணக்குல பாத்துருக்காங்க. நீ பேசுறது மொத்தமே ஒன்றரை நிமிஷம்தான் வருது. அய்யா பேரையும் ஊரையும் சொல்லிருக்க.”

இராமலட்சுமி அடுப்படியில் நின்றபடி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். வெளியே மலையாண்டி ஆட்டோவின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நான் சொன்னது பொய்யா ஜெயா?”

“பொய்யில்ல. நெசந்தான் அம்புட்டும். கீழ பொம்பளைங்க எழுதிருக்காங்கம்மா. ஒங்க வீட்டு அம்மா கதையையும் எழுதுங்கன்னு கம்பெனிக்காரங்க போட்டுருக்காங்க. நல்ல கதைக்கு ஒரு வருஷத்துக்கு உப்பு சும்மா தாராங்களாம். அதுக்காக எழுதுன மாதிரி தெரியல. எங்கம்மாவும் இப்படித்தான் அடி வாங்குச்சுன்னு ஒரு பொண்ணு எழுதிருக்கு. இன்னொரு அம்மா, எனக்கு எழுதத் தெரியாது, என் பேரன எழுதச் சொல்லிருக்கேன்னு எழுதிருக்கு. நானும் எழுதுனேன். கட்டிலுக்கு அடியில படுத்துருந்தது நான்தான்னு. எழுதிட்டு அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“அய்யா இப்ப அப்படி இல்லியேம்மா. எம் பிள்ளைக்கு மொட்டை போட்டப்ப மடியில வச்சுக்கிட்டு அழுத மனுசன். நீ அத ஒரு வார்த்த சொல்லலியே. அவங்க வெட்டிட்டாங்களா?”

வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் மகள் நம்பியிருப்பாள்.

“நான்தான் சொல்லல” என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் அவள் வட்டிலில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். மலையாண்டி எதிரே உட்கார்ந்து முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் டீக்கடைக்குப் போனவன் டீ குடிக்காமல் திரும்பி வந்தபோது தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். திட்டவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. எப்போதும்போலத் தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பழைய மலையாண்டியாக இருந்தால் இந்நேரம் குடம் பறந்திருக்கும், அவளும் கத்தித் தீர்த்திருப்பாள்.

பள்ளிக்கூடம் லீவு விட நாலு நாள் இருக்கும்போது மெஹருன்னிசா வந்தாள். வாலிநோக்கம் கடற்கரைத் தெருக்காரி. அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் மூன்று வருஷமாக மலையாண்டியின் ஆட்டோவில்தான் போகின்றன. மலையாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு போன நேரம் பார்த்து வந்திருந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள்.

“லெச்சுமிக்கா, கோவிச்சுக்கிறாதீக. நாளையிலருந்து பிள்ளைகள பஸ்ஸுல விடப் போறேன்.”

“ஏன்த்தா?”

“எம் புருசன் சவுதியிலருந்து வீடியோவப் பாத்துட்டுப் போன் போட்டுச்சு. ஒரே சத்தம். பொண்டாட்டிய இப்படிப் போட்டு அடிச்ச குடிகாரன் வண்டியிலயா எம் பிள்ளைகள அனுப்புறேங்குது. அண்ணன் தங்கமான ஆளு, அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியும். சின்னவளுக்கு அம்மை போட்டப்ப வேப்பெல ஒடிச்சுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாக. ஆனா அந்த மனுசன் சவுதியில இருந்துக்கிட்டுப் பாக்குறது வீடியோவத்தான?”

“அது பழசு மெகரு. எட்டு வருசத்துக்கு முந்தி.”

“அப்படின்னு நீங்க சொல்லலியே அதுல.” மெஹருன்னிசா முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டாள். “நீங்க சொன்னது பொய்யாக்கா? பொய்யின்னா சொல்லுங்க, அதுட்ட நான் பேசிக்கிறேன்.”

“பொய்யில்ல.”

“அப்ப நான் என்னன்னு சொல்ல?”

போகும்போது மெஹருன்னிசா அவள் தோளைத் தொட்டு, “நான் அந்த வீடியோவ மூணு தடவ பாத்தேன்க்கா. அழுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லீவு முழுக்க அவள் அவனைக் கண்காணித்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். வெளியே போய் வந்தால் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். சட்டையைத் துவைக்க எடுக்கும்போது மோந்து பார்த்தாள். இதனால் அவன் மறுபடி குடிக்கப் போனால் அதை யார் தலையில் வைப்பது? ஒருநாள் மத்தியானம் போனவன் பொழுது சாயும்வரை வரவில்லை. அவள் வேலிக்கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் சாராயக்கடை ரோடு வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தாள். அங்கே அவன் ஆட்டோ இல்லை. நின்றவர்களில் ஒருவன், “என்னத்தா, அடுத்த வீடியோவா?” என்றான். வீட்டுக்கு வந்தபோது மலையாண்டி முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தான். வீரபத்திரனின் மிளகாய்க் காட்டில் வற்றல் அள்ளப் போயிருந்தானாம். அவள் எங்கே போய் வருகிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தான். அந்த மண் அந்த ரோட்டில் மட்டும்தான் உண்டு. பார்த்துவிட்டுக் குனிந்து மறுபடி காம்பு கிள்ளினான்.

அடுத்த நாள் உப்பளத்திலிருந்தே சத்யப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

“அத எடுத்துருத்தா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

“என்னாச்சுக்கா? அவரு அடிச்சாரா?” அந்தப் பெண் பதறிவிட்டாள்.

“அடிக்கல. அவுக எட்டு வருசமா அடிக்கல. குடிக்கவும் இல்ல. நான்தான் ஒங்கிட்டச் சொல்லல.”

“ஏன்க்கா சொல்லல?”

இராமலட்சுமி அம்பாரத்தைப் பார்த்தபடி நின்றாள். “நீ அழுதுக்கிட்டு இருந்தே. எனக்காக யாரும் அழுது நான் பாத்ததில்ல. சொன்னா நீ கண்ணத் தொடச்சிட்டுக் கைய எடுத்துருவேன்னு இருந்துச்சு.”

சத்யப்பிரியா சொன்னாள்: “அக்கா, நாங்க போட்டதுலயே அதுதான் நிறையப் பேர் பாத்தது. ஆபீஸ்ல ஒத்துக்கிட்டா எடுத்துருவேன். ஆனா அதுக்குக் கீழ நானூறு பேர் அவங்க கதைய எழுதியிருக்காங்க. எடுத்தா அதுவும் போயிரும். வேற ஒண்ணு செய்யலாமா? நான் வாரேன். அவரையும் உங்களையும் சேத்து உக்கார வச்சு, அவரு எப்படி மாறினாருன்னு எடுப்போம். ஜனங்களும் அதக் கேக்கிறாங்க.”

“அவுக வர மாட்டாக.”

“கேட்டுப் பாருங்கக்கா.”

கேட்டாள். மலையாண்டி அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். நிமிராமலே, “நான் நல்லவன்னு நானே போயிச் சொல்லணுமாக்கும்” என்றான். வீடியோ விஷயமாக அவன் பேசிய முதல் வார்த்தை அது.

நாலு நாள் கழித்துக் கம்பெனிக்காரர்கள் அதை எடுத்துவிட்டார்கள். நானூறு பெண்கள் எழுதியதும் அதோடு போனது. ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒன்றில் சோகப் பாட்டு சேர்த்திருந்தது. ஒன்றில் மலையாண்டியின் ஆட்டோ நம்பரையே யாரோ எழுதியிருந்தார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஆறு பிள்ளைகளில் இரண்டுதான் வண்டிக்கு வந்தன, இரண்டும் பனையேந்தல் பிள்ளைகள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீரபத்திரன் வந்தார். ஊரில் பாதி மிளகாய்க் காடு அவருடையது. நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, செல்போனைத் துண்டால் துடைத்தார்.

“ஏலே மலையாண்டி, எம்புட்டு நாளைக்கு இப்படித் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிவ? ஊரு பேரே கெட்டுப்போச்சு. நான் சொல்றதக் கேளு. இந்தப் புள்ள பேசட்டும். கம்பெனிக்காரங்க சொல்லிக்குடுத்தாக, துண்டும் உப்பும் குடுத்தாக, ஒண்ணும் தெரியாமப் பேசிட்டேன், அம்புட்டும் பொய்யின்னு சொல்லட்டும். எம் மகன் குரூப்புல போட்டு விட்டுருவான். ரெண்டே நாள்ல சரியாப் போகும்.” அவர் இராமலட்சுமி பக்கம் திரும்பினார். “என்னத்தா, சொல்றியா?”

“சொல்றேன்” என்றாள் அவள். யோசிக்கவே இல்லை. இத்தனை நாளும் இதற்காகத்தான் காத்திருந்ததுபோல இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தலையைக் கோதிவிட்டுச் சுவரோரம் நின்றாள். அவர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

“எம் பேரு இராமலட்சுமி. எனக்குப் பனையேந்தல். உப்பளத்துல வச்சு நான் எங்க வீட்டுக்காரரப் பத்திச் சொன்னதெல்லாம்...”

“ஏப்புள்ள, நிறுத்து.”

மலையாண்டி எழுந்து வந்து போனின் முன்னால் கையை விரித்துப் பிடித்தான். “அண்ணே, வேணாம்ணே.”

“ஒனக்காகத்தானடா செய்றேன்!”

“எனக்காகன்னுதான் வேணாங்கிறேன். அவ சொன்னது நெசம். கேக்குறவுகட்ட நெசமுன்னே சொல்லுங்க. அவளப் பொய்காரி ஆக்கி நான் வண்டி ஓட்ட வேணாம்.”

வீரபத்திரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பட்டுத் தெரிங்கடா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் மலையாண்டியை அவர் வற்றல் அள்ளக் கூப்பிடவில்லை. மெஹருன்னிசாவின் பிள்ளைகளில் சின்னவள் மட்டும் ஆடி மாதத்தில் வண்டிக்குத் திரும்பி வந்தாள். மற்றவர்கள் வரவேயில்லை. பாதி நாள் மலையாண்டி பஸ் ஸ்டாப்பில் சவாரிக்கு நின்றான். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு வீரபத்திரன் போனபின் அவள் சுவரோரமே நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

“அந்தப் புள்ள இப்ப எப்படின்னு கேட்டுச்சு. நான் சொல்லாம விட்டுட்டேன்” என்றாள். “தெரிஞ்சேதான் விட்டேன்.”

மலையாண்டி நாற்காலியை மடக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தான்.

“நானும் பாத்தேன் அத. அய்யப்பன் டீக்கடையில வச்சு ஒரு தடவ. பெறகு ஆட்டோவ வாலிநோக்கம் கடக்கரையில நிப்பாட்டிட்டு, எத்தனையோ தடவ.” அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “நீ வேற ஒண்ணையும் சொல்லாம விட்டுட்ட.”

“என்னத்த?”

“ஏழு மாசத்துல.”

அவள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள். ஜெயசுதாவுக்கு அடுத்து வயிற்றில் ஏழு மாதம் இருந்த பிள்ளை. மழைக் காலம். அவன் எத்திய எத்தில் அம்மிமேல் போய் விழுந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்சம்மா எப்படி ஆச்சு என்று கேட்டபோது, குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அவன் வராந்தாவில் நின்றிருந்தான். அதற்கப்புறம் அந்த வீட்டில் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

“ஒவ்வொரு தடவையும் அது வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நெத்தி வரும், தோடு வரும், முடியப் பிடிச்சு இழுத்தது வரும். அது வராது. முடிஞ்சு போகும். ஆஸ்பத்திரிலயும் நீ சொல்லல. இங்கனயும் சொல்லல. சொல்லிருந்தா நல்லாருந்துருக்கும் புள்ள.”

“அதுக்கு வாய் வரல” என்றாள்.

வேலிக்கு வெளியே ஆடுகள் போய்க்கொண்டிருந்தன.

“இருந்தா இருபத்தொண்ணு இருக்கும்ல இப்ப?” என்றான்.

இராமலட்சுமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அந்தக் கணக்கை வைத்திருந்தது தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

“ஐப்பசி வந்தா இருபத்திரெண்டு.”

அவன் தலையை ஆட்டினான். “என்ன பிள்ள அது? நான் யார்ட்டயும் கேக்கல” என்றான்.

“பொம்பளப் பிள்ள.”

மலையாண்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் கையைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. உடனே முடியவில்லை. உள்ளே உலை பொங்கி அடுப்பில் வடிகிற சத்தம் கேட்டது. அவனும் எழுந்திருக்கவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை.